பசியடக்கும் ஊசியும் நம்முடைய பசியும்

"அக்கா, வாரத்துக்கு ஒரு ஊசி போட்டா உடம்பு இளைச்சிருமாமே, நெசமா?"

கடந்த ஆறேழு மாதமாக என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிகள் கேட்கிறார்கள். எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் தம்பிகள் கேட்கிறார்கள். வன்கொடுமை வழக்கு ஒன்றுக்காக கோர்ட்டு வராந்தாவில் காத்திருந்தபோது ஒரு வழக்கறிஞர் தோழர்கூட குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். நான் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவள் என்பதும், 97 கிலோவாக இருந்தவள் 85க்கு வந்தேன் என்பதும், இப்போது மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறேன் என்பதும் இவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதோடு இந்தக் கேள்வியில் உடம்பு மட்டும் இல்லை. கூலி இருக்கிறது, சாதி இருக்கிறது, காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன். எந்தக் கம்பெனியின் ஊசி, எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. இது விளம்பரமும் இல்லை, வசையும் இல்லை.

கூலி நாளும் மாதக் கடைசியும்

நான் பிறந்து வளர்ந்தது அருவங்காட்டில். குன்னூர், வெலிங்டன் தாண்டினால் மலை ரயில் நிற்கும் சின்ன ஊர். 1904ஆம் ஆண்டிலிருந்து இங்கே வெடிமருந்து செய்யும் கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. ஊர் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும். நாங்கள் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் இல்லை. அம்மா இலங்கையிலிருந்து வந்தவர். 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேற்றி அனுப்பப்பட்டு, மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பம். அங்கே கொழுந்து எடுத்தவர்கள் இங்கேயும் கொழுந்து எடுத்தார்கள். அப்பாவுக்கு லோடு ஏற்றி இறக்கும் வேலை. மலை மாறியது, நாடு மாறியது, சாதி மட்டும் எங்கள் கூடவே வந்தது.

காலையில் ரொட்டியும் சம்பலும், சீனி அள்ளிப்போட்ட சாயத்தண்ணியும். மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறும் ஏதாவது ஒரு ரசமும். கூலி போடும் நாளில் மாட்டுக்கறி. அன்றைக்கு அம்மா "நல்லா சாப்பிடு, நாளைக்குக் கெடைக்குதோ இல்லையோ" என்று தட்டு நிறைய வைப்பார். மாதக் கடைசியில் சோறும் உப்பும். அதனால் எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் இரண்டே நிலைதான். ஒன்று, இருக்கும்போது இருக்கிற மட்டும் சாப்பிடுவது. இன்னொன்று, இல்லாதபோது படுத்துத் தூங்கிவிடுவது. 'அளவோடு சாப்பிடுவது' என்பது நிச்சயமான அடுத்த வேளை உள்ளவர்களின் சொல்.

பின்னால் நான் வேலைக்குப் போனேன், இயக்கத்துக்கு வந்தேன், வீட்டில் அரிசி தீராத நிலை வந்தது. ஆனால் உடம்பு அந்தப் பழைய கணக்கிலேயே நின்றது. களஆய்வுக்குப் போய், எரிக்கப்பட்ட குடிசையையோ அடிபட்ட பிள்ளையையோ பார்த்துவிட்டு, அறிக்கை எழுதி முடித்து ராத்திரி பதினோரு மணிக்கு வீடு திரும்புவேன். அடுப்படியில் நின்றுகொண்டே தின்ன ஆரம்பிப்பேன். மீதிச் சோறு, ஒரு பாக்கெட் வர்க்கி, பன், மிக்சர், பிறகு மறுபடி சோறு. ருசி தெரியாது. வயிறு வலிக்கும்வரை கை நிற்காது. பசி இருந்ததா என்று கேட்டால், இல்லை. விளக்குப் போட்டால் அம்மா எழுந்துவிடுவார் என்று இருட்டிலேயே தின்பேன்.

இதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. 'பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்'. கட்டுப்பாடு கைவிட்டுப்போய் உண்ணும் நோய். 1959இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை முதலில் விவரித்து எழுதினார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியலில் இது தனி நோயாக இடம்பெற 2013 வரை ஆயிற்று. வாரத்துக்கு ஒரு முறையாவது, தொடர்ந்து மூன்று மாதம் இப்படி நடந்தால் நோய் என்று கணக்கு. அடையாளங்களாக அவர்கள் சொல்வது: வேகமாகத் தின்பது, பசியில்லாமல் தின்பது, வயிறு வலிக்கும்வரை தின்பது, தின்றபின் தன்மேலேயே வெறுப்பு வருவது, வெட்கத்தால் யாரும் பார்க்காமல் தனியாகத் தின்பது.

கடைசி அடையாளத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் பார்க்காமல் தின்ன எனக்கு யார் கற்றுக்கொடுத்தது? நோயா கற்றுக்கொடுத்தது? ஐந்தாம் வகுப்பில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் "என்னடி நாத்தம்" என்று பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்தினாள். டீச்சர் என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து மூடியைப் பாதி திறந்து, குனிந்து, நாலு வாயில் முடித்துவிடப் பழகினேன். வேகமாக, தனியாக, வெட்கத்தோடு. மருத்துவப் புத்தகம் நோயின் அடையாளம் என்று சொல்லும் மூன்றையும் பள்ளிக்கூடத்திலேயே சாதி எனக்குப் பயிற்சி கொடுத்துவிட்டது. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இப்படி ஒரு டிபன் பாக்ஸ் இருக்கும்.

சமைக்கிற கையையே தீட்டு என்று சொல்லும் நாடு இது. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் பள்ளியைப் பூட்டவே வந்தார்கள். உணவைச் சுற்றி இவ்வளவு அவமானத்தைக் கட்டிவைத்துவிட்டு, தலித் உடம்பு உணவோடு நிம்மதியாக இருக்கவில்லை என்று வியப்பதில் அர்த்தமில்லை.

பசி எங்கே இருக்கிறது

"வாயைக் கட்டத் தெரியாதா?" இதுதான் குண்டானவர்களுக்கு ஊரே சொல்லும் மருத்துவம். ஒழுக்கம் இல்லாதவர், சோம்பேறி, தின்னி என்று நம்மைச் சொல்லிவந்த அதே வாய்தான் இதையும் சொல்கிறது. ஆகவே பசியைப் பற்றி அறிவியல் என்ன கண்டுபிடித்திருக்கிறது என்று நாம் தெரிந்துகொள்வது நல்லது.

முப்பது ஆண்டுகளுக்கு முன்புவரை பசி என்பது வயிறும் மனவுறுதியும் சேர்ந்த விஷயம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் ஆய்வுக்கூடம் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. உடம்பில் உள்ள கொழுப்பே இதைச் சுரந்து, "இருப்பு போதும்" என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், பாகிஸ்தான் வம்சாவளியைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளுக்கு இந்த ஹார்மோன் பிறவியிலேயே சுரக்கவில்லை என்று கண்டார்கள். அவர்களில் ஒரு சிறுமி ஒன்பது வயதில் 94 கிலோ. எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. லெப்டினை ஊசியாகக் கொடுத்தார்கள், பசி அடங்கியது. அந்தப் பிள்ளையை அதுவரை எத்தனை பேர் 'தின்னி' என்று ஏசியிருப்பார்கள்! சாதாரண உடல்பருமனுக்கு லெப்டின் ஊசி வேலை செய்யவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் பசி ஒரு குணக்கேடு என்ற கதை அங்கேயே உடைந்துவிட்டது.

1999இல் ஜப்பானில் கிரெலின் கண்டுபிடிக்கப்பட்டது. இது இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் ஹார்மோன். இப்போது பேசப்படும் ஊசிகள் இன்னொரு ஹார்மோனைப் போலச் செய்தவை. அதன் பெயர் ஜிஎல்பி-1. சாப்பிட்டதும் சிறுகுடலில் சுரக்கும். கணையத்திடம் இன்சுலினைச் சுரக்கச் சொல்லும், இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், மூளையிடம் போதும் என்று சொல்லும். இயற்கையில் இது இரண்டு நிமிடத்தில் சிதைந்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஹீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் எச்சிலில் இதைப் போன்ற, சீக்கிரம் சிதையாத ஒரு பொருள் இருப்பது 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. அதிலிருந்து 2005இல் முதல் சர்க்கரை நோய் ஊசி வந்தது. பிறகு லிராகுளூடைடு, செமாகுளூடைடு. டிர்செபடைடு என்பது ஜிஎல்பி-1ஓடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

எவ்வளவு குறையும்? 2021இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரம் செமாகுளூடைடு போட்டவர்கள் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் இழந்தார்கள். வெறும் ஊசி போட்டவர்கள் 2.4 சதவீதம். ஊசியை நிறுத்தியபின் ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்தது. அதாவது ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போல இதுவும் நீண்டகாலம் போடவேண்டிய மருந்து. கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் போட்டு இளைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு முறை படியுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இந்த ஊசிகளுக்கு உடல்பருமனுக்கும் சர்க்கரைக்கும் அனுமதி உண்டு. கட்டுமீறி உண்ணும் நோய்க்கு அனுமதி இல்லை. அந்த நோயிலும் உதவுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றை வைத்து முடிவு கட்ட முடியாது. அந்த நோய்க்கு நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட முதல் சிகிச்சை இன்றும் பேச்சு வழிச் சிகிச்சைதான்.

குன்னூரில் அளந்த பசி

எங்கள் மலைக்கும் பசி ஆராய்ச்சிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. அருவங்காட்டிலிருந்து சில மைல் கீழே, குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில், 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு கூடம் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் ஆனது. 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மெக்காரிசன் எலிகளைப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய், அவ்வப்போது இறைச்சி என்ற பஞ்சாப் சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் திடமாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் உணவைத் தின்றவை நோஞ்சானாக நின்றன. இன்னொரு கூட்டத்துக்கு வெள்ளை ரொட்டி, மார்கரின், சீனி போட்ட டீ, டின் இறைச்சி என்று இங்கிலாந்து ஏழைகளின் உணவைக் கொடுத்தார். அவை வளர்ச்சி குன்றி, ஒன்றையொன்று கடித்துக் குதறின.

வெள்ளை மாவு, சீனி டீ. எங்கள் லைன் வீட்டுக் காலை உணவு அதுதானே! நூறு ஆண்டுக்கு முன்பே எங்கள் மலையிலேயே எலிக்குக் கொடுத்துப் பார்த்து ஆகாது என்று எழுதிவைத்த சாப்பாட்டைத்தான், அதே மலையில் கொழுந்து எடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்றார்கள். அறிவு குன்னூரிலேயே இருந்தது. கூலி உயரவில்லை, அதனால் தட்டு மாறவில்லை.

நம் உடம்புக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. புனேயில் மருத்துவர் யாக்னிக்கும் அவருடைய குழுவும் பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். புனே கிராமக் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு. கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகப் பிறந்து, உள்ளே கொழுப்பைக் காப்பாற்றிவைக்கும் உடம்பு. தாயின் வயிற்றிலேயே பஞ்சத்துக்குத் தயாரான உடம்பு பின்னால் சீனியையும் எண்ணெயையும் சந்திக்கும்போது சர்க்கரை நோய் சீக்கிரம் வருகிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 25ஐத் தொட்டாலே உடல்பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மேற்கில் அது 30.

பட்டினி கிடந்தவர் பிறகு கட்டுமீறித் தின்பது நம் 'கலாச்சாரம்' என்று நினைக்கவேண்டாம். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். உணவு திரும்பக் கிடைத்ததும் அவர்களில் பலர் வயிறு வெடிக்கத் தின்றும் திருப்தி இல்லாமல் தவித்தார்கள். படித்த வெள்ளைக்கார இளைஞர்களுக்கு ஆறு மாதத்தில் இது நடந்தது. நம் வீடுகளில் இது எத்தனை தலைமுறை நடந்திருக்கிறது!

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். அதே கணக்கெடுப்பில் 53.4 சதவீதம் பெண்களுக்கு ரத்தசோகை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும். எனக்கு இருந்தது. 97 கிலோ எடையும் ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவும். வயிறு நிறைவது வேறு, ஊட்டம் கிடைப்பது வேறு.

ஊசி எனக்குச் செய்ததும் செய்யாததும்

சர்க்கரை ஏறிக்கொண்டே போனதால் 2025 மே மாதம் ஊசி தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் குமட்டல், ஏப்பம், மலச்சிக்கல். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் ராத்திரி வேலை முடித்து வந்தேன். அடுப்படியைக் கடந்து போய்ப் படுத்துவிட்டேன். காலையில்தான் உறைத்தது, நேற்று நான் அடுப்படியில் நிற்கவில்லை என்று.

தலைக்குள் எந்நேரமும் ஒரு ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து என்ன தின்னலாம், மீதி எவ்வளவு இருக்கிறது, யார் பார்ப்பார்கள். முப்பது ஆண்டாக ஓடியதால் அது ஓடுகிறது என்றே எனக்குத் தெரியாது. அது நின்றபோதுதான் தெரிந்தது. மற்றவர்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கிறார்களா, இந்த அமைதியோடா, என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. மனவுறுதி என்று அவர்கள் பெருமை பேசியது எல்லாம் குடலில் சுரந்த ஒரு ஹார்மோன்தானா?

செய்யாததையும் சொல்லவேண்டும். ஜூலையில் ஒரு ஆணவக்கொலை வழக்கின் களஆய்வுக்குப் போனோம். இறந்த பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீடு திரும்பினேன். பசி இல்லை. ஆனால் கை அடுப்படிக்குப் போனது. நாலு வாய்க்குமேல் இறங்கவில்லை, ஊசி விடவில்லை. தின்ன முடியாமல் போனபோது, இத்தனை ஆண்டாகத் தின்று எதை அடைத்துவைத்தேனோ அது மொத்தமும் மேலே வந்தது. விடியும்வரை அழுதேன். அதற்குப் பிறகுதான் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போகத் தொடங்கினேன். என்னைக் கேட்டால், அந்த இரண்டு வாசலில் இரண்டாவது வாசல்தான் இன்றும் என்னைக் காப்பாற்றுகிறது. மூன்று வேளை நேரத்துக்குச் சாப்பிடுவது, சாப்பிட்டதையும் அப்போதைய மனநிலையையும் எழுதிவைப்பது, களஆய்வு முடிந்த இரவில் தனியாக வீடு திரும்பாமல் யாராவது ஒரு தோழரோடு உட்கார்ந்து சாப்பிடுவது. இதற்குக் காப்புரிமை கிடையாது.

மருத்துவமனையில் கொடுத்த உணவு அட்டவணையையும் சொல்லாமல் விடமுடியாது. பாதாம், ஓட்ஸ், பனீர், ஆலிவ் எண்ணெய். "நான்வெஜ் குறைக்கணும், பீஃப் வேண்டவே வேண்டாம்" என்று ஒரு அறிவுரை. இந்த ஊசி போடும்போது கொழுப்போடு தசையும் கரையும், அதனால் புரதம் நிறையச் சாப்பிடவேண்டும் என்று அதே வாயால்தான் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஏழைக்குக் கட்டுபடியாகும் விலையில் கிடைக்கும் புரதம் முட்டையும் மாட்டுக்கறியும்தான். கொழுப்பில்லாத மாட்டுக்கறியை அளவாக, எண்ணெய் குறைத்துச் சாப்பிடுங்கள் என்று ஒரு டயட்டீஷியனுக்கு ஏன் சொல்லத் தெரியவில்லை? அந்த அட்டவணையை எழுதியது ஊட்டச்சத்து அறிவியலா, அக்ரகாரமா? நான் கறியை விடவில்லை. புரதக் கணக்கு சரியாகவே வந்தது.

நவம்பரில் ஊசியை நிறுத்தினேன். காரணம் மருத்துவம் இல்லை, பணம்.

விலை என்னும் தீண்டாமை

டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒன்று. முதல் மாதம் 14,000; அளவு கூட்டியதும் 17,500. தோட்டத்தில் நாள்கூலி ஐந்நூறு ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் கொழுந்து எடுத்தால் 13,000. முழு மாதக் கூலியையும் கொடுத்தாலும் முதல் மாத ஊசிக்கே பற்றாது. நான் நகையை வைத்தும் நண்பர்களிடம் கைமாற்று வாங்கியும் ஆறு மாதம் ஓட்டினேன். என் அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கிறது, கால் மரத்துப்போகிறது. அவருக்கு இந்த ஊசியைப் பற்றிச் சொல்லக்கூட இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இந்த மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உடல்பருமனோடும் இதய, சிறுநீரக நோயோடும் இருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு என்று குறிப்பிட்டுத்தான் சேர்த்தது. அத்தியாவசியம் என்று எழுதிவிட்டார்கள். யாருக்குக் கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

மருந்து வரலாறு நமக்குச் சில பாடங்களைத் தருகிறது. 1923இல் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 2001இல் எச்ஐவி மருந்தை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்று ஒரு இந்திய நிறுவனம் முன்வந்தபோது ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்களின் கணக்கு மாறியது. 2013 ஏப்ரல் 1 அன்று புற்றுநோய் மருந்து கிளிவெக் வழக்கில், பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்கக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த வெற்றிகள் எதுவும் கம்பெனிகளின் கருணையில் வந்தவை இல்லை. நோயாளிகளும் இயக்கங்களும் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்று வாங்கியவை.

இந்தியாவில் செமாகுளூடைடின் காப்புரிமைக் காலம் முடியும் தேதி 2026 மார்ச் 20. அந்தத் தேதி நமக்குத் தெரிந்த தேதி. 1927 மார்ச் 20 அன்றுதான் அண்ணல் அம்பேத்கர் மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளினார். குளம் பொதுக்குளம் என்று நகராட்சி ஏற்கனவே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் மட்டும் தாகத்தைத் தீர்க்கவில்லை, இறங்கி அள்ள வேண்டியிருந்தது. காப்புரிமை முடிவதும் ஒரு தீர்மானம் போலத்தான். இந்திய நிறுவனங்கள் போட்டிபோட்டு விலையைக் குறைக்கலாம். குறைந்த விலையும் தனியார் மருந்துக்கடை விலையாகவே நின்றால் அது அண்ணாநகருக்கும் ஆர்.எஸ்.புரத்துக்கும்தான் போகும், லைன் வீட்டுக்கு வராது.

தோழர்களுக்குச் சில வார்த்தைகள்

முதலில் உங்கள் உடம்பு. ஜிம்மில் விற்கிறார்கள், ஆன்லைனில் கிடைக்கிறது என்று வாங்கிப் போடாதீர்கள். மருத்துவர் பார்க்காமல் இந்த ஊசி கூடாது. குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் கட்டாயம் அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். பித்தப்பைக் கல் வரலாம். சர்க்கரையால் கண் பாதிக்கப்பட்டவர்கள் கண்ணைச் சோதித்துக்கொள்ளவேண்டும். தின்றுவிட்டு வாந்தியெடுக்கும் பழக்கமோ பட்டினி கிடந்து இளைக்கும் பழக்கமோ உள்ளவர்களுக்கு இது ஆபத்தாகலாம். ஐந்து கிலோ குறைத்து போட்டோவில் அழகாகத் தெரிவதற்கான மருந்து இது இல்லை.

நான் எழுதிய ராத்திரிகள் உங்களுக்கும் உண்டு என்றால், அது நோய், சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். முதல் அடியாக டெலிமானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்து நம் இயக்கங்கள். நம் கூட்டங்களில் குண்டான தோழரைக் கேலி செய்யாத மேடை குறைவு. "இவரு போராட்டத்துல ஓடவா போறாரு" என்று சிரிக்கிறோம். மறுபக்கம், இதெல்லாம் பன்னாட்டுக் கம்பெனி சதி, பணக்கார நோய் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறோம். சர்க்கரைக்குக் கால் விரலை இழந்த தூய்மைப் பணியாளர்கள் நம் சேரியில் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள். அண்ணலே சர்க்கரை நோயாளி. 1948இல் கால் நரம்பு வலியோடும் இன்சுலின் ஊசியோடும்தான் அரசியல் சட்ட வரைவு வேலையைச் செய்தார். ஊசி போட்டுக்கொள்வதில் நமக்கு வெட்கம் எதுவும் இல்லை.

கோரிக்கைகள் கையில் இருக்கவேண்டும். 1994இல் தமிழ்நாடு தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி விலையைக் குறைப்பதில் நாட்டுக்கே வழிகாட்டியது. அது செமாகுளூடைடை வாங்கவேண்டும். எடையும் சர்க்கரையும் கூடி இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டவர்களிடம் தொடங்கலாம். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுவருகிறது. அதே பையில் இதுவும் வரமுடியும். 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உடல்பருமனுக்கும் உண்ணும் நோய்களுக்கும் மனநல ஆலோசகரோடு சேர்த்து ஒரு தனிப் பிரிவு வேண்டும். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதோடு பருப்பும் முட்டையும் சேரவேண்டும். தோட்டக் கூலி உயரவேண்டும். இவற்றில் ஊசியை மட்டும் கேட்டு மற்றதை விட்டால், வறுமை ஏற்றிய எடையை மருந்துக் கம்பெனி இறக்கிக்கொடுத்துக் காசு வாங்கும் வேலைதான் நடக்கும். மற்றதை மட்டும் கேட்டு ஊசியை விட்டால், கூலி உயரும்வரை என் அம்மாவின் கால் காத்திருக்காது.

மார்ச் 20 அன்று உங்கள் கல்லூரியில், உங்கள் தெருவில் மகாத் நாள் நடத்துவீர்கள். தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள். அதோடு இந்த மருந்தைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுங்கள். மருத்துவப் பணிகள் கழகத்துக்கு ஒரு மனு எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். கூட்டம் முடிந்ததும் கலைந்து ஓடாமல் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். டிபன் பாக்ஸை முழுதாகத் திறந்து வைத்து, மெதுவாக.

ஜெய் பீம்.